இத்தாலி–கிரீஸ் இறுதி ஆட்டமும் கழன்று விழுந்த வளையமும்

1. மேனேஜர் கூப்பிட்டார்

எழுபதுகளின் கடைசியில் நான் சவுதி அரேபியாவில், யான்பு துறைமுகத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பைப்லைன் புராஜெக்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தேன். திருச்சியில் பாய்லர் வேலை பார்த்துவிட்டுப் போனவன். வெல்டர் பற்றவைத்த ஜாயிண்டைப் பார்ப்பது, எக்ஸ்ரே பிலிமை விளக்கில் வைத்துப் பார்ப்பது, நன்றாக இருந்தால் கையெழுத்துப் போடுவது, இல்லாவிட்டால் மஞ்சள் சாக்பீஸால் குழாயின் மேல் ‘ரிப்பேர்’ என்று எழுதுவது. இதுதான் வேலை. இந்த வேலையில் இருப்பவனுக்கு நண்பர்கள் குறைவாக இருப்பது இயற்கை.

எங்கள் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் கார்லோ இத்தாலிக்காரர். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். நான் ரிப்பேர் என்று எழுதிய ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் அவரோடு ஒரு வாக்குவாதம் உண்டு. “சின்ன ஜாயிண்ட், சுந்தர். சின்ன ஜாயிண்ட்” என்பார். எல்லா ஜாயிண்டும் அவருக்குச் சின்ன ஜாயிண்ட்தான்.

டிசம்பர் மாதம் ஒரு காலையில் அவர் அழைப்பதாக ஆபீசிலிருந்து ஆள் வந்தது. முந்தின நாள் ஆறு இஞ்ச் லைனில் நிறைய ரிப்பேர் எழுதியிருந்தேன். சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று எக்ஸ்ரே பிலிம்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். அவர் பிலிமைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்காரச் சொல்லி, நான் கூடைப்பந்து ரெஃப்ரி என்பது உண்மையா என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. போன வாரம் முழங்கால் வலிக்காக கேம்ப் கிளினிக்கில் டாக்டர் ஹென்க்கைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் ஹாலந்துக்காரர், சாவகாசமாகப் பேசுவார். எப்படி வந்தது இந்த வலி என்று கேட்டதற்கு, காலேஜ் நாளிலிருந்து கூடைப்பந்து ஆடியதையும், முழங்கால் போன பிறகு பரீட்சை எழுதி ரெஃப்ரி ஆனதையும், திருச்சி, கரூர் பக்கம் டோர்னமெண்டுகளில் விசில் ஊதியதையும் சொல்லியிருந்தேன். டாக்டர் அதை மேனேஜரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

“உண்மைதான்” என்றேன்.

“அப்படியானால் நீதான் ரெஃப்ரி” என்றார் கார்லோ. “உனக்கு யாரையும் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் நீ.”

2. நான்கு நாட்டுப் பிள்ளைகள்

விஷயம் இதுதான். அந்தப் பகுதியில் இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ், ஜெர்மனி என்று நான்கு நாட்டுக் கம்பெனிகளின் கேம்ப்கள் இருந்தன. பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் ஐரோப்பாவில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் யான்புவுக்கு வந்துவிடுவார்கள். பதினைந்து, பதினாறு, பதினேழு வயது. கடலும் மணலும் இரண்டு நாளில் சலித்துவிடும். அப்புறம் தகப்பன்மார்களின் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாலைவனத்தில் ஓட்டுவார்கள். போன விடுமுறையில் ஒரு ஜீப் கவிழ்ந்து ஒரு பையனுக்குக் கை முறிந்திருந்தது.

அதனால் இந்த வருடம் தாய்மார்கள் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். பிள்ளைகளை ஆட விட வேண்டும். நாட்டுக்கு ஓர் அணி. பெயர் மட்டும் பெரிதாக வைத்தார்கள், ‘ஐரோப்பிய இளைஞர் கூடைப்பந்து சாம்பியன்ஷிப்’ என்று. எங்கள் கேம்ப் பெயிண்டர் அதை ஒரு நீளத் துணியில் எழுதினார். நான்கு கொடிகளையும் அவரே வரைந்தார். இத்தாலிக் கொடி நம் கொடி மாதிரி வந்துவிட்டது என்று கார்லோவின் மனைவி திருத்தச் சொன்னதாகக் கேள்வி.

விளையாட்டுதானே என்று நினைத்தவர்களுக்கு முதல் மீட்டிங்கிலேயே தெளிந்துவிட்டது. நான்கு கம்பெனிகளுக்கும் வேலையில் உள்ள போட்டி அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தாலிக்கார ரெஃப்ரியை கிரேக்கர்கள் ஒப்பவில்லை. ஜெர்மன்காரரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பவில்லை. யாருடைய நாட்டையும் சேராத ஆள் வேண்டும், ஆட்டமும் தெரிந்திருக்க வேண்டும். அப்படித்தான் நானும், எனக்குத் துணையாக டாக்டர் ஹென்க்கும் வந்து சேர்ந்தோம்.

கிரவுண்டை எங்கள் ரோடு செக்‌ஷன் ஆட்கள் தார் போட்டு அமைத்துக் கொடுத்தார்கள். எட்டு இஞ்ச் குழாயில் இரண்டு கம்பம், பிளைவுட் பலகை, இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த வளையம் எல்லாம் ஃபேப்ரிகேஷன் ஷாப்பிலிருந்து பளிச்சென்று பெயிண்ட் அடித்து வந்தன. டிராயிங்கில் இல்லாத சாமான். கம்பெனி வழக்கப்படி அதற்கு இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது.

விசில்தான் கிடைக்கவில்லை. கடைசியில் கிரேன் சிக்னல்மேன் வைத்திருந்ததை இரவல் வாங்கினேன். முதல் நாள் அதை நான் ஊதியதும் தூரத்தில் குழாயைத் தூக்கிக்கொண்டிருந்த கிரேன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஆட்டங்களை வேலை முடிந்த பிறகே வைத்தோம்.

3. ஒரு வாரம்

அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் மலர்ந்துவிடும். பகலெல்லாம் ஜாயிண்ட், சாயங்காலம் ஆட்டம். கடல் காற்று பந்தைத் தள்ளும். நேராக எறிந்த பந்து வளையத்தை விட்டு ஒரு சாண் விலகிப் போகும். கிரேக்கப் பையன்கள்தான் முதலில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் குறிவைத்து எறிய ஆரம்பித்தார்கள். அவர்களில் தாசோஸ் என்று ஒருவன், ஒட்டகம் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவன், வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. இத்தாலி அணியில் கார்லோவின் மகன் மாத்தேயோ. குள்ளம், ஆனால் கால் தரையில் படுவதே தெரியாது. அப்பாவின் குரல் அவனுக்கும் இருந்தது.

ஜெர்மன் கோச் முதல் ஆட்டத்தில் நான் ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் ரூல் புத்தகத்தோடு ஓடிவந்தார். நான் கோபப்படவில்லை. வெல்டர்களிடம் பழகிய பழக்கம், கேட்டால் காரணம் சொல்லிவிடுவேன். இரண்டாவது ஆட்டத்தில் அவர் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

ஆட்டம் பார்க்க லேபர் கேம்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நம் ஆட்கள், மலையாளிகள், பாகிஸ்தானிகள், கொரியாக்காரர்கள் எல்லாரும் மண் மேட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் ஆட்கள் மொத்தமும் கிரீஸ் பக்கம். ஏன் என்று எங்கள் வெல்டர் முனியாண்டியைக் கேட்டேன். பரமக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், அந்த சைட்டில் அவர் கைக்கு ஈடான கை கிடையாது.

“நம்ம மேனேசரு தோக்கணும்ல சார்” என்றார். “அதத் தவுர வேற ஒண்ணுமில்ல.”

4. வளையம் விழுந்தது

இறுதி ஆட்டம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு. இத்தாலியும் கிரீஸும். மறுநாள் விடியற்காலையில் பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸில் ஜெத்தா போய் விமானம் ஏற வேண்டும். கிரவுண்டுக்கு விளக்கு வசதி வரவில்லை, அதற்கான டிரான்ஸ்பார்மர் கப்பலில் இருந்தது. ஆக, இருட்டுவதற்குள் ஆட்டம் முடிந்தாக வேண்டும்.

இரண்டாவது பாதி பாதிக்குமேல் போயிருந்தது. இத்தாலி மூன்று புள்ளி முன்னால் இருந்தது. கிரீஸ் எறிந்த பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. தாசோஸ் எழும்பி அதைத் தட்டிவிடப் பார்த்தான். அவனுக்கு நேர் கீழே மாத்தேயோ நின்றிருந்தான். மேலே போனவன் நிலை தடுமாறி, அவன்மேல் விழாமலிருக்க வளையத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு சத்தம் கேட்டது. எனக்குப் பழகிய சத்தம். வெல்டு விட்டுப்போகும் சத்தம். வளையம் ஒரு பக்கமாகப் பிய்ந்து, கனத்த இரும்புப் பட்டையோடு கீழே வந்தது. தாசோஸ் கைகளை ஊன்றி விழுந்தான். பட்டை மாத்தேயோவின் காதோரமாக இறங்கி, தோளை உரசிக்கொண்டு தரையில் மோதியது. சட்டை கிழிந்து, தோளில் நீளமாக ஒரு கீறல். அவ்வளவுதான். நான்கு விரல்கடை தள்ளி விழுந்திருந்தால் நான் இதை இவ்வளவு நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

டாக்டர் ஹென்க் பையன்களைப் பார்க்க ஓடினார். நான் வளையத்தைப் பார்க்கப் போனேன். பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே இரண்டு இடத்தில் பொட்டு வைத்த மாதிரிப் பற்றவைத்திருக்கிறார்கள். நடுவில் வெறும் பெயிண்ட்தான். யாரோ சாப்பாட்டு நேரத்தில் அவசரமாகச் செய்த வேலை.

இதற்குள் கிரவுண்டில் கூச்சல். காயம் பெரிதில்லை என்று தெரிந்ததுமே கார்லோ, ஆட்டம் முடிந்தது, இத்தாலி முன்னால் இருக்கிறது, இத்தாலிக்குத்தான் கோப்பை என்றார். கிரேக்கக் கோச் யானிஸ், தன் வாழ்நாளில் இப்படி ஒரு முடிவைக் கேட்டதில்லை என்று கைகளை விரித்தார். கிரேக்கர்கள் பக்கம் ஒரு தாய் அழவே ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நின்ற இடத்திலிருந்து, நின்ற புள்ளியிலிருந்து ஆட்டம் தொடரும் என்றேன். அதற்கு முன் வளையத்தைப் பற்றவைக்க வேண்டும். ஒரு வளையத்தை மட்டும் அல்ல, அந்தப் பக்கத்து வளையத்தையும். ஒரே ஆள் செய்த வேலை, ஒன்று விட்டால் மற்றதும் விடும்.

கார்லோ சூரியனைக் காட்டினார். அவர் காட்டியது நியாயம். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருந்தால் அதிகம்.

5. முனியாண்டியின் முதல் வெல்டு

மண் மேட்டிலிருந்து முனியாண்டி தானாகவே எழுந்து வந்தார். பிக்கப்பில் போய் வெல்டிங் மெஷினை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சாரப் பலகை போட்டோம். லுங்கியில் இருந்தவர் அதன்மேலேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். பெயிண்டைக் கிரைண்டரால் எடுத்து, வளையத்தைப் பொருத்திப் பிடித்து, பற்றவைத்தார். யாரும் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள் என்று கத்தினேன். நான்கு நாட்டுப் பிள்ளைகளும் கையால் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தார்கள்.

முடித்துவிட்டு அவர் இறங்கினார். கைதட்டினார்கள். நான் ஏறிப் பார்த்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. மேலே படிந்த ஸ்லாக் கசடைத் தட்டி, பிரஷ் போட்டுப் பார்த்தால் ஓரத்தில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். ஒன்று இரண்டு அல்ல, வரிசையாக. பற்றவைக்கும் ராடில் ஈரம் ஏறியிருக்கிறது. யான்புவின் கடல் காற்றில் ராடுகளை ஓவனில் சூடாக வைத்திருந்து எடுக்க வேண்டும், வெளியே கிடந்த ராடைப் போட்டால் இப்படித்தான் வரும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் கீழே பார்த்தேன். இருநூறு பேர் அண்ணாந்து நின்றிருந்தார்கள். முதல் வரிசையில் மேனேஜர்கள், அவர்களின் மனைவிமார், பின்னால் முனியாண்டியின் ரூம் ஆட்கள். சைட்டில் என்றால் சாக்பீஸை எடுத்து எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இங்கே அப்படிச் செய்யக் கை வரவில்லை. இறங்கி அவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

“அண்ணே, பின்ஹோல் இருக்கு. ராடு ஓவன்லேருந்து வந்ததில்ல.”

அவர் முகம் மாறியது. “அவசரம்னு சொன்னீக. மெசின்ல கெடந்த ராட எடுத்தாந்தேன். இது என்ன பிளாண்டா சார்? செத்த நேர வெளையாட்டு. இத்தன வெள்ளக்காரன் முன்னாடி…”

“நீங்களே ஒருதரம் ஏறிப் பாருங்க. நீங்க சரின்னு சொன்னா ஆட்டத்த ஆரம்பிச்சிடுறேன்.”

நான் நிஜமாகவே அப்படிச் சொன்னேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் கார்லோ வந்துவிட்டார். என்ன தாமதம் என்று கேட்டார். வெல்டில் கொஞ்சம் சந்தேகம் என்றேன். அவர் வாய் வழக்கமான வார்த்தைக்குத் திறந்தது. “சின்ன ஜாயிண்ட், சுந்தர்…”

“அதன் கீழே யார் நிற்கப் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றேன்.

கம்பத்துக்கடியில் மாத்தேயோ தோளில் பிளாஸ்திரியோடு நின்று, தாசோஸோடு சேர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே தண்ணீர் பாட்டிலிலிருந்து மாறி மாறிக் குடித்தார்கள். கார்லோ மகனைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முனியாண்டி மறுபடி பலகைமேல் ஏறி நின்று தன் வெல்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தனக்குத் தெரிந்த எல்லா மொழியையும் கலந்து உரக்கச் சொன்னார்.

“ராட் மாஃபி ஸேன். நோ குட். நியூ ராட், ஜல்தி.”

ராடு சரியில்லை, புதிதாக வேண்டும் என்று அவரே அறிவித்துவிட்டார். அவர் போட்ட வெல்டை நான் தள்ளினேன் என்று கார்லோவைத் தவிர அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவரே தள்ளினார் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். உண்மையும் அதுதான்.

6. எடை சோதனை

சைட்டில் வெள்ளிக்கிழமையும் ஒரு ஷிப்ட் ஓடியது. பிக்கப் போய் ஓவனிலிருந்து சூட்டோடு ராடுகளை எடுத்து வந்தது. முனியாண்டி முதல் வெல்டை முழுக்க கிரைண்டரால் எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார். அப்படியே அந்தப் பக்கத்து வளையத்தையும் முடித்தார். இந்த முறை அவர் இறங்கிவந்து, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஏறிப் பார்த்தேன். புத்தகத்தில் படம் போட்டுக் காட்டலாம், அப்படி இருந்தது இரண்டு ஜாயிண்டும்.

ஆறவிட்டு, எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். மணல் மூட்டை கொண்டுவர ஆள் அனுப்பப் போனபோது கார்லோ நாற்காலியிலிருந்து எழுந்தார். கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். மூட்டை எதற்கு, நான் இருக்கிறேனே என்றார்.

அவர் சாரத்தில் ஏறியதைப் பார்த்து அவர் மனைவி இத்தாலிய மொழியில் என்னென்னவோ சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. ஈரத்துணியைச் சுற்றி வளையத்தைப் பிடித்துக்கொண்டு, காலைப் பலகையிலிருந்து எடுத்தார். அந்தக் கனத்த மனிதர், வெள்ளிக்கிழமை உடுப்போடு, கிரவுண்டுக்கு நடுவே பலாப்பழம் மாதிரி தொங்கினார். மெதுவாக ஒரு ஆட்டம் ஆடியும் பார்த்தார். கம்பம் அசைந்தது, வளையம் அசையவில்லை. மண் மேட்டிலிருந்து எழுந்த விசிலும் கைதட்டலும் ஓய வெகு நேரமாயிற்று. இறங்கியவர் அந்தக் கோடிக்கு நடந்துபோய் அதிலும் தொங்கினார். தமிழ் ஆட்களில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே கட்சி மாறிவிட்டார்கள்.

சூரியன் கடலைத் தொடும் நேரத்தில் விசிலை ஊதினேன். இரண்டு பக்கமும் மாறி மாறிப் புள்ளி எடுத்தார்கள். இத்தாலி முன்னிலை ஒரு புள்ளியாகக் குறைந்தது. கடைசியில் தாசோஸ் எறிந்த பந்து அதே வளையத்தின் விளிம்பில் விழுந்து, சுற்றி, நின்றுவிடும்போல் இருந்து, உள்ளே இறங்கியது. பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. கிரீஸ் ஒரு புள்ளியில் ஜெயித்தது.

கார்லோ கோப்பையைக் கிரேக்கப் பையன்கள் கையில் கொடுத்துவிட்டு என் பக்கமாக வந்தார். உள்ளங்கைகள் இரும்புத் தூளில் கறுத்திருந்தன.

“ரிப்பேர் ரொம்ப நன்றாகப் பண்ணிவிட்டீர்கள்” என்றார். “கொஞ்சம் கோணலாக வைத்திருந்தால் அந்தப் பந்து வெளியே போயிருக்கும்.”

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். முனியாண்டி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், கையுறையோடு இருந்த அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முனியாண்டி மரியாதைக்கு, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

7. சனிக்கிழமைக்குப் பிறகு

ஒரே நாளில் மனிதர்கள் மாறிவிடுவதில்லை. கார்லோ அடுத்த வாரமும் என்னோடு சண்டை போட்டார், புராஜெக்ட் முடியும்வரை போட்டார். ஆனால் சின்ன ஜாயிண்ட் என்ற பேச்சு மட்டும் நின்றுபோனது. கேம்புக்காகச் செய்யும் ஏணி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், குழந்தைகளின் ஊஞ்சல் எல்லாம் இனி இன்ஸ்பெக்டர் பார்த்த பிறகுதான் பெயிண்டுக்குப் போக வேண்டும் என்று ஆர்டர் போட்டார். ஒரு வாரம் விசில் ஊதியதற்கு எனக்குக் கிடைத்தது கூடுதல் வேலை. சந்தோஷமாகவே செய்தேன்.

முனியாண்டியோடு பழக்கம் வேறு மாதிரி ஆயிற்று. சந்தேகமான ஜாயிண்ட் வந்தால் நான் போவதற்கு முன்பே அவரே ஆள் விட்டு அழைப்பார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்போம். பாதி நேரம் அவரே கிரைண்டரை எடுத்துவிடுவார்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விதி எது, லிமிட் எது என்பதைப் புத்தகம் கற்றுத்தரும். ஒரு வேலையைத் தள்ள நேர்ந்தால், அதை ஊருக்குச் சொல்வதற்கு முன் செய்தவரிடம் சொல்லுங்கள், அவர் பாஷையில், அவர் பக்கத்தில் நின்று. அவரையே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். கைத்தொழில் தெரிந்தவன் தன் வேலையைத் தானே பார்த்தால் பொய் சொல்ல மாட்டான். யான்புவை விட்டு வந்த பிறகு ஜுபைல், அபுதாபி என்று எத்தனையோ இடங்களில் வேலை பார்த்தேன். எங்கேயும் எனக்கு மஞ்சள் சாக்பீஸ் அதிகம் தேவைப்படவில்லை.